பழைய கணினியின் விண்டோஸ் புதியதற்கு வருமா?

நண்பர் ஒருவர் இரண்டு பழைய கணினிகளோடு வந்தார். ஒன்று லேப்டாப், திரையின் கீல் உடைந்து தொங்கியது. இன்னொன்று பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த மேசைக் கணினி. புதிதாக ஒன்று சேர்த்து முடித்திருந்தார், அதில் விண்டோஸ் இல்லை. "ரெண்டுலயும் விண்டோஸ் இருக்கு, ரெண்டுக்கும் காசு கொடுத்திருக்கேன். ஏதாவது ஒண்ணை எடுத்துப் புதுசுல போட்டுக் கொடுங்க, போதும்" என்றார்.

லேப்டாப்பில் இருந்ததை எடுக்க முடியவில்லை. மேசைக் கணினியில் இருந்ததை எடுக்க முடிந்தது. இத்தனைக்கும் இரண்டிலும் இருந்தது விண்டோஸ் 10 ப்ரோதான். ஒரே திரை, ஒரே வேலை. மென்பொருளில் வித்தியாசம் எதுவும் இல்லை. அதைப் பயன்படுத்தும் அனுமதி யார் பேரில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். லேப்டாப்பில் இருந்தது அந்த இயந்திரத்தின் பேரில். மேசைக் கணினியில் இருந்தது நண்பரின் பேரில். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கை வேலைதான்.

காசு எதற்குக் கொடுத்தோம்?

'விண்டோஸ் வாங்கினேன்' என்று சொல்கிறோம். ஆனால் விண்டோஸின் கோப்புகளை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், பென் டிரைவில் போட்டு நிறுவலாம். நாம் காசு கொடுப்பது அதை ஒரு கணினியில் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்கு. அதைத்தான் உரிமம் என்கிறார்கள், பேச்சில் லைசென்ஸ்.

அப்புறம் கீ. ஐந்து ஐந்தாக ஐந்து தொகுதிகள், மொத்தம் 25 எழுத்துகளும் எண்களும். பலர் இதையே லைசென்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாவி கையில் இருப்பதால் மட்டும் வீடு நம்முடையதாகிவிடாது. உரிமம் இல்லாதவர் கையிலும் கீ இருக்கலாம். கீயே கண்ணில் படாமல் உரிமம் மட்டும் இருக்கலாம். இப்போது இந்த இரண்டாவதுதான் சகஜம்.

மூன்றாவதாக ஆக்டிவேஷன். கீயையும் உங்கள் கணினியின் வன்பொருள் அடையாளத்தையும் சேர்த்து வைத்து மைக்ரோசாஃப்டின் சர்வர் சரிபார்க்கும் வேலை இது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரே சிடியும் அதன் உறையில் இருந்த கீயும் ஊரெல்லாம் சுற்றி வரும். கேட்க ஆளில்லை.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல். முக்கியமாக ஒன்று: சர்வர் 'சரி' என்று சொல்லிவிட்டால் ஒப்பந்தமும் 'சரி' என்று சொல்லிவிட்டதாக அர்த்தமில்லை. சர்வர் பார்ப்பது எண்களை மட்டும்தான்.

இயந்திரத்தின் பேரிலா, உங்கள் பேரிலா?

கடையில் விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால், கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அது ஓஇஎம் உரிமம். தயாரிப்பாளர்கள் மொத்தமாகப் பெற்று ஒவ்வொரு கணினியிலும் போட்டு அனுப்புவது. தனியாக வாங்குவதைவிட மலிவு, அந்த மலிவுக்கு நிபந்தனையும் உண்டு: அந்தக் கணினியோடு பிறந்தது, அதோடே முடியும். கணினியை விற்றால் உரிமமும் சேர்ந்து போகும். கணினி செத்தால் உரிமமும் போய்ச் சேரும்.

தனியாகப் பெட்டியிலோ இணையத்திலோ வாங்கியது ரீடெய்ல். இதை உங்கள் இன்னொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரே சமயத்தில் ஒரு கணினிதான். மாற்றும் ஒவ்வொரு முறையும் பழையதிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேறொருவருக்குக் கொடுக்கவும் வழி இருக்கிறது, ஆனால் முதலில் வாங்கியவர் நீங்களாக இருக்க வேண்டும், பெறுபவர் அதே நிபந்தனைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். 'பழையதிலிருந்து எடுத்துவிட வேண்டும்' என்பது ஒரு நிறுவனத்தின் பிடிவாதம் மட்டும் அல்ல. 2012இல் யூஸ்டுசாஃப்ட், ஆரக்கிள் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தபோதும், விற்பவர் தன்னிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிட வேண்டும் என்றே சொன்னது.

மூன்றாவது வகை வால்யூம். அலுவலகங்களும் கல்லூரிகளும் கூட்டமாக வாங்குவது. அது நிறுவனத்தின் சொத்து, உங்களுடையது அல்ல, அதனால் மாற்றும் பேச்சே இல்லை. அலுவலகம் கழித்துவிட்ட கணினியைப் பழைய விலைக்கு வாங்குகிறவர்கள் மட்டும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கேஎம்எஸ் என்ற முறையில் ஆக்டிவேட் ஆன விண்டோஸ், 180 நாளுக்குள் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வாங்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆறு மாதம் கழித்து ஒருநாள் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்' என்று திரையின் மூலையில் எழுத்து தோன்றும். விற்றவர் அதற்குள் எங்கே இருப்பாரோ.

எது என்று பார்ப்பது எப்படி?

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்துகொள்ளுங்கள். எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியின்றி அடியுங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அதை ஒட்டி டி, எல், ஐ. என்டர் தட்டிவிட்டுச் சில நொடி பொறுங்கள், சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் நான்கு வரிகள்தான் முக்கியம். முதல் வரி பதிப்பின் பெயர், ஹோமா ப்ரோவா என்று. இரண்டாவது வரியின் கடைசியில் 'சேனல்' என்ற சொல்லுக்கு முன்னால் ஓஇஎம், ரீடெய்ல், வால்யூம் இவற்றில் ஒன்று இருக்கும். மூன்றாவது, கீயின் கடைசி ஐந்து எழுத்துகள். நான்காவது, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா இல்லையா.

நண்பரின் லேப்டாப் 'ஓஇஎம் டிஎம்' என்றது. கீ மதர்போர்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது தயாரிப்பாளர்கள் இந்த முறைக்கு மாறினார்கள், லேப்டாப்பின் அடியில் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டுவதையும் விட்டார்கள். மேசைக் கணினி 'ரீடெய்ல்' என்றது. வீட்டில் விண்டோஸ் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன், அலமாரியில் தேடி எடுத்து வந்தார். பெட்டிக்குள் இருந்த அட்டையின் கடைசி ஐந்து எழுத்துகளும் திரையில் தெரிந்த ஐந்தும் ஒன்றாகவே இருந்தன. அப்போதுதான் நிம்மதி.

ரீடெய்ல் என்று திரையே சொல்லிவிட்ட பிறகு பெட்டியை ஏன் தேடச் சொன்னேன்? காரணம் இருக்கிறது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவச மேம்பாடு கொடுத்தார்கள். அப்படி மேம்பட்ட கணினிகளுக்குத் தனித்தனி கீ கிடையாது. கோடிக்கணக்கான கணினிகளிலும் ஒரே பொதுக் கீ உட்கார்ந்திருக்கும், உண்மையான அனுமதி சர்வரில் அந்த வன்பொருளின் பேரில் பதிவாகியிருக்கும். ப்ரோ என்றால் அந்தப் பொதுக் கீ 3வி66டி என்று முடியும், ஹோம் என்றால் 8எச்விஎக்ஸ்7 என்று முடியும். இவை கண்ணில் பட்டால் பக்கத்தில் 'ரீடெய்ல்' என்று இருப்பதை நம்பாதீர்கள். தொடக்கத்தில் அந்தக் கணினிக்கு விண்டோஸ் எப்படி வந்தது என்று பாருங்கள்: கணினியோடு வந்த விண்டோஸ் 7 மேம்பட்டிருந்தால் அது இன்னமும் ஓஇஎம்தான்.

நான் இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கீயைக் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்றை ஓட்டி, வந்த 25 எழுத்துகளையும் பத்திரமாகத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பழைய வட்டைத் துடைத்துவிட்டேன். புதிய கணினியில் நிறுவும்போது கீயை வாங்கிக்கொண்டது, ஆக்டிவேட் மட்டும் ஆகவில்லை. வீட்டில் இருந்த இன்னொரு கணினியிலும் அதே கீதான் இருக்கிறது என்பதை மறுநாள்தான் பார்த்தேன்.

பழைய ஸ்டிக்கரிலிருந்து கீயைப் படிப்பதும் ஒரு கலை. எழுத்து தேய்ந்து போயிருக்கும். அது எஸ்ஸா 5ஆ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இரண்டுமே இருக்காது. குழப்பம் தரும் பல எழுத்துகளை முதலிலேயே நீக்கிவிட்டார்கள்: ஓவும் பூஜ்யமும் கிடையாது, ஐயும் எல்லும் 1ம் கிடையாது, இசட்டும் கிடையாது. ஆனால் பி, 8 இரண்டும் உண்டு. ஜி, 6 இரண்டும் உண்டு. தடுமாறினால் இந்த இரண்டு ஜோடிகளைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ரீடெய்லை மாற்றுவது

முதலில் கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கலாம், வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் இருக்கலாம்.

பழைய கணினியில் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, முன்பு அடித்த அதே ஐந்து எழுத்துகள், இடைவெளி, சாய்கோடு, இந்த முறை யு, பி, கே. கீ நீங்கிவிட்டது என்று செய்தி வரும். அதே போல சி, பி, கே, ஒய் என்றும் ஒருமுறை அடித்தால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) ஒட்டிக்கொண்டிருக்கும் பிரதியும் போய்விடும். இதைச் செய்ததும் மைக்ரோசாஃப்டின் சர்வருக்குத் தகவல் போய் 'இந்தக் கீ இப்போது காலி' என்று குறித்துக்கொள்ளும் எனப் பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. கீ அந்தக் கணினியிலிருந்து மட்டுமே நீங்குகிறது. அப்புறம் ஏன் செய்ய வேண்டும் என்றால், ஒரே கீ இரண்டு இடத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பழைய கணினியை யாருக்காவது கொடுத்து, அவர் அதில் உங்கள் கீயோடே இருந்தால் மாட்டுவது நீங்கள்தான்.

புதியதில் அதே பதிப்பை நிறுவுங்கள். ஹோம் கீ ப்ரோவைத் திறக்காது, ப்ரோ கீ இருந்தும் ஹோமை நிறுவிவிட்டால் ஒரு படி கூடுதல் வேலை. கேட்கும்போது 'கீ இல்லை' என்று சொல்லித் தாண்டிவிட்டு, எல்லாம் முடிந்த பின் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய்க் கீயை இடலாம். எனக்கு அதுதான் வசதி. விண்டோஸ் 10க்கான கீ அதே பதிப்பு விண்டோஸ் 11க்கும் செல்லும், நண்பரின் புதிய கணினியில் அப்படித்தான் நேராக 11ஐயே போட்டோம். 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் பழையதைத் தூக்கிக்கொண்டு வருவதில் பொருளும் இல்லை. விண்டோஸ் 7, 8 கீகளை வைத்துக்கொண்டு 10க்கோ 11க்கோ ஏறும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது, அந்தக் காலத்துப் பெட்டிகள் இனி நினைவுப் பொருள்தான்.

புதிய கணினி ஹோம் விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் ஒரு சின்ன வேடிக்கை நடக்கும். நீங்கள் ப்ரோ போடலாம் என்று உட்கார்ந்தால், நிறுவி மதர்போர்டில் இருக்கும் ஹோம் கீயைத் தானே எடுத்துக்கொண்டு, எந்தப் பதிப்பு என்று கேட்காமலேயே ஹோமை நிறுவிவிடும். பதற வேண்டாம். நிறுவிய பிறகு ஆக்டிவேஷன் பகுதியில் உங்கள் ப்ரோ கீயை இட்டால் ப்ரோவாக மாறிக்கொள்ளும்.

கீ இல்லாத டிஜிட்டல் லைசென்ஸ், அதாவது அனுமதி சர்வரில் மட்டும் பதிவாகியிருப்பது என்றால், வேலையைப் பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும். அதில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். ஆக்டிவேஷன் பகுதியில் 'உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்ட டிஜிட்டல் லைசென்ஸ்' என்ற பொருளில் ஒரு வரி வர வேண்டும். இந்த இணைப்பு வசதி 2016இல் வந்தது. பிறகு புதிய கணினியில் அதே கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் பகுதியில் இருக்கும் சிக்கல் தீர்ப்பானை (ட்ரபிள்ஷூட்டர்) ஓட்டி, 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கணினிகளின் பட்டியல் வரும். அதில் சரியானதைக் காட்ட வேண்டும். பட்டியலில் கணினிகள் எல்லாம் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கும் புரியாத பெயர்களில் இருக்கும்; முன்கூட்டியே ஒவ்வொன்றுக்கும் நல்ல பெயர் வைத்திருந்தால் அந்த நேரத்தில் உங்களுக்கே நன்றி சொல்லிக்கொள்வீர்கள். ஓஇஎம் உரிமத்தை இந்த வழியாக இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டால், முடியாது. கணக்கோடு இணைப்பதால் உரிமத்தின் வகை மாறிவிடுவதில்லை.

வட்டைக் கழற்றி மாட்டினால்?

பழைய எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதியதில் மாட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பெரும்பாலும் விண்டோஸ் எழுந்தும் விடும். ஆனால் மாறியது வட்டு மட்டும்தான், உரிமம் மாறவில்லை. மதர்போர்டு வேறாகிவிட்டதால் ஆக்டிவேஷன் போய்விடும், எஃப்211 என்று முடியும் பிழை எண் வந்து 'வன்பொருள் மாறிவிட்டது' என்று சொல்லும். ரீடெய்ல் என்றால் மேலே சொன்ன வழியில் சரிசெய்யலாம். ஓஇஎம் என்றால் அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து பிட்லாக்கர், வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் தகவல் பழைய மதர்போர்டின் பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. புதிய கணினியில் மாட்டியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அது இல்லாவிட்டால் லைசென்ஸ் கவலை இரண்டாம் பட்சம், படங்களும் கோப்புகளுமே போய்விடும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அதே கணினியில் பாகம் மாற்றினால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். ராம், வட்டு, கிராபிக்ஸ் கார்டு மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. மதர்போர்டுதான் கணினியின் உயிர் என்று விண்டோஸ் கணக்கு வைத்திருக்கிறது. பழுதாகிப் போனதால் அதை மாற்றினால் ஓஇஎம் உரிமம் தொடரலாம், இன்னும் வேகமானது வேண்டுமென்று மாற்றினால் அது புதிய கணினி. விதி அப்படி.

மிக மலிவாக இணையத்தில் விற்கும் கீகளைப் பற்றி ஒரே வரி: அவற்றில் பல யாரோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீகள் அல்லது ஏதோ கணினியோடு பிறந்த ஓஇஎம் கீகள், இன்று வேலை செய்யும், உங்கள் பேரில் உரிமம் எதுவும் வராது.

விண்டோஸ் அல்லாதவற்றில் இந்தத் தலைவலி குறைவு. மேக்ஓஎஸ்ஸுக்குக் கீ கிடையாது, ஆப்பிள் கணினிகளில் மட்டும் ஓட அனுமதி, அவ்வளவுதான். லினக்ஸில் உபுண்டு, டெபியன் போன்றவற்றை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. ரெட் ஹாட் போலச் சந்தா கட்டிப் பயன்படுத்துவதில் மட்டும் பழைய கணினியின் பதிவை நீக்கிவிட்டுப் புதியதைப் பதிய வேண்டும்.

நண்பரின் கதைக்கு வருகிறேன். மேசைக் கணினியின் கீ புதியதில் முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டது. லேப்டாப்பை அவர் அக்கா மகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார், கீலை மட்டும் மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். அதில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸ் 10 ப்ரோவையே புதிதாக நிறுவினேன். இடையில் கீ கேட்கவே இல்லை. வைஃபையில் இணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்து பார்த்தபோது ஆக்டிவேட் ஆகியிருந்தது.